ஆஸ்பத்திரியே விடுதியான கதை

வாடகைக்கு அறை தேடும்போது நாங்கள் என்ன கேட்போம்? காசு எவ்வளவு, தண்ணி வருமா, கம்பஸ் கிட்டவா? "வாசலில எத்தனை படி?" எண்டு முதலில் கேட்கவேண்டிய ஆக்களும் இருக்கினம்.

1962இல் எட் ரொபேர்ட்ஸ் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 14 வயதில் வந்த போலியோவால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் இயக்கமில்லை. இரவில் மூச்சுவிட அவர் படுக்கும் 'இரும்பு நுரையீரல்' இயந்திரத்துக்கு எந்த விடுதியும் தோதாக இல்லை. கடைசியில் வளாகத்து ஆஸ்பத்திரியில் ஓர் அறை கொடுத்தார்கள். பிறகு அவரைப்போல இன்னும் சில மாணவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

எத்தனை நாளைக்கு ஆஸ்பத்திரியில் குடியிருப்பது? ஊருக்குள் வீடு தேடினால் படிகள், ஒடுங்கிய கதவுகள். வீடு கிடைத்தாலும் காலையில் எழுப்பிவிட ஆள் வேணும், சக்கர நாற்காலி பழுதானால் திருத்த ஆள் வேணும். 1972இல் பேர்க்லியில் உருவான 'சுயாதீன வாழ்வு நிலையம்' வீடு, உதவியாள், திருத்தவேலை மூன்றையும் ஒன்றாகவே பார்த்தது. நடத்தியவர்களில் பலர் தாங்களே இயலாமையோடு வாழ்ந்தவர்கள்.

1988இல் அமெரிக்க வீட்டுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இயலாமையைக் காட்டி வீடு மறுக்கக்கூடாது. சாய்தளம் போன்ற நியாயமான மாற்றங்களை வீட்டுக்காரர் தடுக்கவும் கூடாது. ஆனால் தனியார் வாடகை வீடுகளில் அந்தச் செலவு பொதுவாகக் குடியிருப்பவர் தலையில்தான்.

வேலை கிடைப்பதே கஷ்டமான ஒருவருக்கு வாடகைக்கு மேலே இன்னொரு கணக்கு. அதைப் பொதுச்செலவாகப் பார்க்காதவரை அந்த உரிமை பாதிதான்.