சேடர் தட்டில் ஆரஞ்சு

சேடர் தட்டில் ஆரஞ்சுப் பழம் வைப்பது, யூதர்களின் பாஸ்கா விருந்தில் 1980களில் அமெரிக்காவில் தோன்றிய வழக்கம். தற்பாலீர்ப்புப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் யூத சமூகத்தில் இடமுண்டு என்பதைக் குறிக்க இது தொடங்கப்பட்டது.

பின்னணி

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் திருநாள் பாஸ்கா. அதன் தொடக்க இரவில் நடக்கும் விருந்துச் சடங்கு சேடர் எனப்படும். கசப்புக் கீரை, முட்டை, சுட்ட எலும்பு முதலியவை ஒரு தட்டில் வைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. விடுதலைக் கதையை ஹகாதா என்னும் நூலிலிருந்து வாசிப்பர். புளித்த மாவில் செய்த எந்த உணவும் அந்நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது.

தோற்றம்

யூதவியல் அறிஞர் சுசன்னா ஹெஷல் 1980களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரிக்கு உரையாற்றச் சென்றார். அங்கு பெண்ணியப் பார்வையில் எழுதப்பட்ட ஒரு ஹகாதாவைக் கண்டார். தற்பாலீர்ப்புப் பெண்களுக்கு ஆதரவாகச் சேடர் தட்டில் ஒரு ரொட்டித் துண்டை வைக்குமாறு அது கூறியது. விலக்கப்பட்டவர்களுக்கு விலக்கப்பட்ட உணவே அடையாளம் என்பது அதன் கருத்து.

ஹெஷல் அதை ஏற்கவில்லை. ரொட்டி வைத்தால் பாஸ்காவின் தூய்மையே கெடும். அப்பெண்கள் சமயத்தை மீறியவர்கள் என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். எனவே அடுத்த பாஸ்காவில் தம் வீட்டுத் தட்டில் ஆரஞ்சு வைத்தார். அனைவரும் ஒரு சுளை எடுத்து, பழத்துக்குரிய ஆசிமொழி சொல்லி உண்டனர். எல்லோரும் பங்கேற்கும்போது சமூகம் பெறும் வளத்தைப் பழம் குறித்தது. துப்பிய விதைகள் தற்பாலீர்ப்பினர் மீதான வெறுப்பைக் குறித்தன.

திரிந்த கதை

வழக்கம் பரவியபோது வேறொரு கதை அதனுடன் ஒட்டிக்கொண்டது. மயாமியில் ஹெஷல் பேசியபோது ஒருவர் எழுந்து, சேடர் தட்டில் ஆரஞ்சுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவே தொழுகைக்கூட மேடையில் பெண்ணுக்கும் என்று கத்தினாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஹெஷல் எழுதினார். ஒரு பெண்ணின் சிந்தனை ஓர் ஆணின் வாய்க்கு மாற்றப்பட்டதையும், தற்பாலீர்ப்பினர் கதையிலிருந்தே மறைந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

கதை மாறியதற்குக் காலமும் ஒரு காரணம் எனலாம். அமெரிக்கச் சீர்திருத்த யூதப் பிரிவு 1972லேயே சாலி பிரீசண்டை ரபியாக்கியது. வெளிப்படையான தற்பாலீர்ப்பினர் ரபியாவதை அப்பிரிவின் ரபிகள் மன்றம் 1990ல்தான் ஏற்றது. பெண் ரபிகளைப் பற்றிய கதையைச் சொல்வது பல மேசைகளில் எளிதாக இருந்திருக்கும். தட்டில் பழம் நிலைத்தது. அது யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்கள் பெயர் பல வீடுகளில் விடுபட்டுப்போனது.