மஞ்சள், பூண்டு, கருஞ்சீரகம்: ஈய நஞ்சுக்கு இவை எந்த அளவு காவல்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் ஆவடி, பூந்தமல்லி பக்கமும் பேட்டரி பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பெயின்ட் வேலை, பழைய இரும்புக் கடை என்று பிழைப்பவர்கள் நம் ஜமாஅத்துகளில் நிறையவே உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களின் தூசு வேலை உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் வந்துவிடுகிறது. மஞ்சளும் பூண்டும் கருஞ்சீரகமும் சாப்பிட்டால் உடம்பிலுள்ள ஈயம் முழுக்க வெளியேறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுவதால், இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்பது அவசியம்.

ஈயம் உடலுக்குள் போனால் சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டு எலும்பில் தங்கிவிடும். இரத்தத்தில் சிவப்பணு உருவாகத் தேவையான நொதியை முடக்கும். செல்களைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளைக் கரைத்துவிடும். அதன்பின் செல்லின் சவ்வு முதல் மரபணு வரை சேதமாகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது; பாதிப்பு மூளையில் தெரியும். சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், இரத்த ஈயத்தின் சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் கவனக் குறைவும் படபடப்பும் அதிகமாகக் காணப்பட்டன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நம் நாட்டில் நின்றுபோனது. ஆனால் மற்ற வழிகள் அடைபடவில்லை.

இனி மசாலாவுக்கு வருவோம். மஞ்சளிலுள்ள குர்குமின், ஈயமும் காட்மியமும் கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஓரளவு காத்ததாக ஆய்வுகள் பல உள்ளன. அது உலோக அணுவைப் பிடித்துக்கொள்கிறது, செல்லின் சொந்தத் தற்காப்பையும் தூண்டிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியதைக் கண்டார்கள். நம் ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே கொதிக்கின்றன! ஆனாலும் சமையலில் போடும் சிட்டிகை மஞ்சளில் சில மில்லிகிராம் குர்குமின்தான் இருக்கும். ஆய்வில் கொடுத்தது 2 கிராம்.

மனிதர்களிடம் நல்ல சான்று கிடைத்திருப்பது பூண்டுக்குத்தான். ஈரானின் மஷ்ஹத் நகரில் கார் பேட்டரித் தொழிற்சாலை ஊழியர்கள் 117 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பூண்டு மாத்திரையும் மற்றதற்கு டி-பென்சிலமைன் என்ற மருந்தும் 4 வாரம் கொடுத்தனர். 2012-இல் வெளியான முடிவின்படி இரண்டு பிரிவிலும் இரத்த ஈயம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. பூண்டு பிரிவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. அவர்கள் எல்லோரும் மிதமான பாதிப்புள்ளவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கொத்தமல்லி எலிகளிடம் பலன் தந்தது. ஆனால் ஈரானில் சிறு பிள்ளைகளுக்கு அதை சிரப்பாகக் கொடுத்துப் பார்த்தபோது வெறும் சிரப்பைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

கருஞ்சீரகம் பற்றி நம்மவர்களுக்குத் தனி மரியாதை. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் புகாரியில் வந்துள்ளது. இமாம் கத்தாபீ போன்றோர், இது பொதுச் சொல்லாக வந்தாலும் பொருந்தக்கூடிய நோய்களையே குறிக்கும் என்று விளக்கியுள்ளனர். அதிலுள்ள தைமோகுயினோன் ஈயம் ஏற்றிய எலிகளின் செல்களைக் காத்தது உண்மை. ஈய பாதிப்புள்ள பிள்ளைக்கு மருத்துவரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் புகட்ட அந்த ஹதீஸ் ஆதாரமாகாது. வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்கள்தான்.

வேதனை என்னவென்றால், காவலாக நினைக்கும் மஞ்சளே சில இடங்களில் நஞ்சாக வருகிறது. பளபளப்புக்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கிழங்கில் தேய்க்கிறார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், பாட்னா, கராச்சி, பெஷாவர் மஞ்சளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. நம் நாட்டு உணவுச் சட்டம் அனுமதிப்பது 10. பங்களாதேஷில் 2019-இல் அரசு கடுமையாக இறங்கியது. 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021-இல் சந்தையில் காணாமலே போனது. வீட்டில் செய்யக்கூடியது: விரலி மஞ்சளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே சாயம் இறங்கினால் வாங்காதீர்கள். நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி, காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது நம் பாட்டிமார் வழக்கம்தான்.

சுர்மாவையும் சொல்லியாக வேண்டும். சுன்னத்தாகச் சொல்லப்படும் இஸ்மித் ஆன்டிமனிக் கல் என்பது பலரின் கருத்து. கடையில் சுர்மா என்று விற்பது பல நேரம் கலீனா, அதாவது ஈயக் கல்லின் பொடி. கண்ணில் போட்ட பிள்ளை கையால் கசக்கி, விரலை வாயில் வைக்கும். கைக்குழந்தைக்கு அதை இடவே வேண்டாம்.

பட்டறை வேலைக்குப் போகிறவர்கள் அங்கேயே குளித்து உடை மாற்றிவிட்டு வரட்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு துவைக்காதீர்கள். இரும்பும் சுண்ணாம்பும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் இழுக்கும். எனவே பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, இறைச்சி ஆகியவை பிள்ளைகளின் தட்டில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் இரத்த ஈயப் பரிசோதனை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டும். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45-ஐ எட்டினால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவை. அந்த நிலையில் பூண்டையும் மஞ்சளையும் நம்பித் தாமதிக்க நேரமில்லை.