தோட்டத்தில் ஒரு தள்ளுவண்டி: விக்டரின் கதை

சிறப்புக் குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். "மண், தண்ணி, ஊஞ்சல்னு வெளியில விட்டா நாள் பூரா இருப்பான். ஆனா அது விளையாட்டுதானே, பயிற்சி ஆகுமா?" இதற்குப் பதில் தேடி நான் 220 வருஷம் பின்னால் போகப்போகிறேன், பாரிஸுக்கு.

1800 ஜனவரி. தெற்கு பிரான்சில் அவேரோன் பகுதியில் காட்டிலிருந்து ஒரு சிறுவன் வெளியே வந்தான். வயது 12 இருக்கலாம். பேச்சு இல்லை. அந்த ஆண்டே அவனைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். அன்றைய பெரிய மனநல மருத்துவர் பிலிப் பினெல், இவனுக்கு முன்னேற்றம் வராது என்று சொல்லிவிட்டார். அவனுக்கு இருந்தது ஆட்டிசமா என்ற விவாதம் இன்றைக்கும் முடியவில்லை.

ஒரே ஒருவர் மட்டும் முயன்று பார்க்கிறேன் என்றார். இளம் மருத்துவர் ழான் இதார். பையனுக்கு விக்டர் என்று பெயர் வைத்தார். 1801-லும் 1806-லும் அவர் எழுதிய அறிக்கைகள்தான் நமக்குக் கிடைத்த சாட்சி.

இதாரின் வழி, புலன்களை எழுப்புவது. பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் திரும்பாத விக்டர், வால்நட் உடைக்கும் சத்தம் கேட்டால் உடனே திரும்புவான். அப்படியென்றால் காதில் பிரச்சினை இல்லை, அவனுக்கு எது முக்கியமோ அதைத்தான் கேட்கிறான். கொதிக்கும் நீரில் கைவிட்டு உருளைக்கிழங்கை எடுப்பான். இதார் தினமும் மணிக்கணக்கில் வெந்நீர்க் குளியல் கொடுத்தார். கொஞ்ச நாளில் விக்டர் விரலை விட்டுப் பார்த்து, சூடு போதவில்லை என்றால் இறங்க மறுத்தான்.

இதெல்லாம் டாக்டர் திட்டம் போட்டுச் செய்தது. வெளியில் என்ன நடந்தது என்று பாருங்க.

ஒருநாள் காலையில் பனி விழுந்திருந்தது. விக்டர் அரைகுறை உடையோடு தோட்டத்துக்கு ஓடி, கத்திக்கொண்டே உருண்டு, பனியை அள்ளித் தின்றான். வேறு நாட்களில் குளத்தங்கரையில் உட்கார்ந்து, காய்ந்த இலைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு நெடுநேரம் அமைதியாக இருப்பான். அப்போது அந்த ஆட்டம் மெல்ல நின்றுவிடும். இதார் இவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்.

ஒருமுறை பாரிஸுக்கு வெளியே கிராமப்புறத்துக்கு அழைத்துப் போனபோது, தப்பி ஓடத் துடித்தான். அதற்குப் பிறகு நகரத் தோட்டங்கள் மட்டும்தான். அழைத்துப் போனது, வீட்டில் அவனைப் பார்த்துக்கொண்ட மேடம் கெரேன் என்ற அம்மா. அநேகமாகத் தினமும் வானியல் ஆய்வுக்கூடத்துத் தோட்டத்துக்குப் போவார்கள். அங்கே ஒரு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இருந்தது. அதில் உட்காரவைத்துத் தள்ளினால் விக்டருக்குக் கொண்டாட்டம்.

தள்ள ஆள் இல்லையென்றால்? யாரையாவது கையைப் பிடித்து இழுத்து வருவான். வண்டியின் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவர் பேசாமல் நின்றால், இறங்கி வந்து தானே கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக் காட்டுவான். மறுபடி ஏறி உட்காருவான். 'நான் சொன்னது புரியலையா, இதோ இப்படித்தான்' என்பது போல.

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். வகுப்பறையில் விக்டரிடமிருந்து வந்த சொற்கள் மிகச் சில. பேச்சு வரவில்லை என்பதால் இதார் கடைசியில் பாடங்களை நிறுத்திவிட்டார். விக்டர் 1828-ல் இறக்கும்வரை மேடம் கெரேனோடுதான் இருந்தான். தோல்வி என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் தோட்டத்தில் அவன் கேட்டான், விளக்கினான், புரியாதவருக்குத் திரும்பவும் சொல்லிக் கொடுத்தான். பேச்சை மட்டும் கணக்கில் வைத்தால் இது விட்டுப்போகும்.

இதாரின் வேலையை அவருடைய மாணவர் செகேன் தொடர்ந்தார். அந்த இருவரையும் படித்துத்தான் மரியா மாண்டிசோரி தன் முறையை உருவாக்கினார். இயற்கையும் கல்வியும் பற்றி எழுதும்போது அவர் விக்டரைத்தான் எடுத்துக்கொண்டார். அதே மாண்டிசோரி 1939-ல் நம்ம சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1972-ல் அமெரிக்காவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் எழுதிய புத்தகம், தொடுதல், உடல் சமநிலை, தசை மூட்டுகளின் உணர்வு ஆகியவை கற்றலோடு இணைந்தவை என்று விளக்கியது. இன்றைக்குத் தெரபி அறையில் தொங்கும் ஊஞ்சலுக்குப் பின்னால் இருப்பது அந்தச் சிந்தனை.

அதனால் அந்தக் கேள்விக்கு என் பதில்: வெளியில் விளையாடுவது எதையும் குணமாக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தெரபிஸ்ட் சொல்வதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் உங்க வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு குவியல் மணலும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் கூடவே இருக்கணும்; வெயிலில் மணல் சுடுகிறதா என்று முதலில் கை வைத்துப் பார்த்துக்கோங்க. பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கவனியுங்க. எதை நோக்கிப் போகிறான்? எதைக் கண்டு விலகுகிறான்? உங்க கையைப் பிடித்து எங்கே இழுத்துப் போகிறான்? அதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை தெரபிஸ்ட்டிடம் காட்டுங்க.

அடுத்த எபிசோடில் செகேனைப் பற்றிப் பேசுவோம்.