கோளின் வழியை வளைப்பது யாது?

ஞாயிற்றைச் சுற்றி வரும் கோளை அவ்வழியே செல்லச் செய்வது யாது? விண்பொருள்களுக்கு வட்டமாகச் செல்வதே இயல்பு என்றார் அரித்தோத்தில். இயல்பு என்றபின் காரணம் எதற்கு? நெடுங்காலம் பெரும்பாலோர் அதனைத் தேடினாரல்லர். 1609இல் கெப்ளர் தேடினார். ஆயின், ஞாயிறு கோளை அதன் பாதைவழியே தள்ளிச் செல்வதாக எண்ணினார்.

1644இல் தேக்காட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர், இயங்கும் பொருள் தானாக நேர்கோட்டிலேயே செல்லும் என்றார். சுழலும் கவண்கல் கைவிட்டதும் தொடலிவழியே ஓடுவது அவர் காட்டிய சான்று. வினா இப்பொழுது தலைகீழாயிற்று. கோளை ஓடச் செய்வது எது என்று கேட்க வேண்டுவதில்லை; நேரே ஓட வேண்டியதைத் திருப்புவது எது என்பதே கேள்வி.

விற்சுருளை இழுத்து நாம் பாடசாலையிற் படித்த விதிக்கு உரியவரான றொபேட் ஹூக் இதற்கு விடை கூறினார். 1666ஆம் ஆண்டு மே மாதம், இலண்டன் றோயல் சங்கத்தார் முன்னிலையில் ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். குண்டை ஒருபுறம் இழுத்து வாளா விட்டால் அது நடுவழியே போய்வரும். விடும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளினாலோ நடுவைச் சுற்றி வரும். தள்ளுக்கு ஏற்ப அவ்வழி வட்டமோ நீள்வளையமோ ஆகும். நேர் ஓட்டம் ஒன்று, நடுநோக்கிய இழுப்பு ஒன்று. இரண்டும் கூடிய வழியே வளைவு. உவமை முற்றும் பொருந்தாது என்பது உண்மைதான். ஊசலில் நடுவினின்று விலக விலக இழுப்புக் கூடும். ஞாயிற்றின் ஈர்ப்போ குறையும். எனினும் எத்துணை எளிய செய்கை!

1679 நவம்பரில் ஹூக் இக்கருத்தை நியூற்றனுக்கு எழுதினார். அதுவரை நியூற்றன், சுழலும் பொருள் வெளிநோக்கி விலக முயல்வதையே பெரிதும் ஆராய்ந்திருந்தார். அடுத்த சனவரியில், ஈர்ப்புத் தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறாகக் குறையுமென்ற தம் ஊகத்தையும் ஹூக் எழுதி, அவ்வாறாயின் கோளின் வழி எவ்வடிவினது என்று வினவினார். நியூற்றன் மறுமொழி விடுக்கவில்லை. 1684இல் ஹலி நேரிற் சென்று கேட்டபோது, நீள்வளையம் என உடனே விடையிறுத்தார். 1687இல் ஹலியின் செலவில் 'பிரின்சிப்பியா' வெளிவந்தது.

தமக்குரிய பங்கை ஹூக் கோரியதும் நியூற்றன் சினந்து, நூலிற் பல இடங்களில் அவர் பெயரை அடித்துவிட்டார். நிறுவல் நியூற்றனுடையதே, அதில் ஐயமில்லை. கணிதமின்றி ஊகம் அறிவியலாகாது என்போர் கூற்றையும் ஏற்கின்றோம். ஆயினும், வினாவைச் சரிவரத் தொடுத்தவருக்கு மனமுவந்து ஒரு வரி நன்றி எழுதியிருந்தால் நியூற்றன் புகழ் குன்றியிராது என்பதே எமது கருத்து.

1703 மார்ச்சில் ஹூக் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் நியூற்றன் றோயல் சங்கத்தின் தலைவரானார். ஹூக்கின் உருவம் இதுவே எனத் துணிந்து காட்டக்கூடிய படம் ஒன்றேனும் இன்று இல்லை.