பழுத்தும் புளிக்கும் மரம்

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் உள்ள காரிமங்கலம் வட்டாரம் மாவுக்கும் புளிக்கும் உரிய நிலம். இரண்டின் காய்களும் கடும் புளிப்பு கொண்டவை. கனிந்தபின் மா இனிக்கிறது. புளியோ புளியாகவே நீடிக்கிறது. நம் சமையலின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இந்தச் சிறிய வேறுபாட்டின் மீது நிற்கிறது என்றே சொல்லவேண்டும்.

மாங்காயின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் சிட்ரிக், மாலிக் அமிலங்கள். காய் வளரும்போது இவை சேமிப்பாக இருக்கின்றன. பழுக்கத் தொடங்கியதும் கனியின் சுவாசம் விரைவுகொள்கிறது; அதில் இவ்வமிலங்கள் செலவாகின்றன. கூடவே மாவுச்சத்து சர்க்கரையாகிறது.

புளியில் நிறைந்திருப்பது டார்டாரிக் அமிலம். கனியின் சுவாசத்தில் அது எளிதில் கரைவதில்லை. செங்காய் பழமாகும்போது சர்க்கரை கூடுகிறது, நீர் வற்றுகிறது, ஓடு சதையை விட்டு விலகுகிறது. அமிலம் அங்கேயே தங்கிவிடுகிறது. பழச்சதையில் அதன் அளவு 8 முதல் 18 சதவீதம். சர்க்கரை அதைவிட மிகுதி என்றாலும் நாக்கு முதலில் அறிவது புளிப்பையே.

இந்த மரத்தின் பெயரிலேயே ஒரு வரலாற்றுப் பிழை உண்டு. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரத்தின் பழத்தை அரேபியர்கள் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். 1753இல் லின்னேயஸ் அப்பெயரையே ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்று நிலைநிறுத்தினார். 1769இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தது புளியிலிருந்து அல்ல, திராட்சை மதுவின் வண்டலிலிருந்து. ஐரோப்பியர் மதுச்சாடியில் கண்டடைந்ததை நம் பாட்டிமார் புளிச்சாடியில் நெடுங்காலமாக வைத்திருந்தார்கள்.

அமிலம் அழியாததும் ஈரம் வற்றியதும் சேர்ந்தே புளியை ஆண்டு முழுவதற்குமான பொருளாக்கின. மாம்பழம் சில நாட்களுக்குரியது. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியோ ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, உப்பிட்டு வைத்தால் அடுத்த மாசிவரை குழம்புக்கு உதவும். மழை குறைந்த இந்த மேட்டுநிலத்தில் அது உணவு மட்டுமல்ல, புளி தட்டும் பெண்களுக்குக் கூலியும்கூட.

புளியமரத்தின் அழிவை ஓர் ஊரின் வரலாறாகவே 1966இல் எழுதினார் சுந்தர ராமசாமி. நெடுஞ்சாலைகள் அகலமானபோது தமிழகமெங்கும் சாலையோரப் புளியமரங்கள் வீழ்ந்தன. விதையிலிருந்து முளைத்த புளி காய்க்கவே ஏழெட்டு ஆண்டுகளாகும். நிழலாகப் பரவ ஒரு தலைமுறை வேண்டும். நடுபவர் உண்பதற்காக மட்டும் நடப்படும் மரமல்ல அது. வெட்டும்போது நாம் இழப்பது நமக்கு முந்தையோர் நமக்காகச் சேமித்துவைத்த புளிப்பை.