மாணாக்கர் துணைவர் டேவிட் ஹேர்

நம் சங்கத்தின் உபகாரச் சம்பளத் தொகைக்கு அன்பர்கள் பலர் மனமுவந்து பொருளுதவி செய்து வருகின்றனர். அப்பொருளைப் பெறும் மாணாக்கன் எங்கே தங்கியிருக்கின்றான், வேளைக்கு உணவு கொள்ளுகின்றானா, நோயுற்றால் அவனைப் பார்ப்பார் யார் என்று உசாவுவோர் மிகச் சிலரே. பொருளும் உதவி, இவ்விசாரணையையும் நாள்தோறும் நேரிற் செய்து, அதன்பொருட்டுத் தம் தொழிலையே கைவிட்ட ஒருவரது சரித்திரத்தை நம் இல்லங்களிலுள்ள இளைஞரும் தாய்மாரும் அறிதல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

அவர் பெயர் டேவிட் ஹேர். 1775-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்திற் பிறந்தவர். 1800-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், கல்கத்தா நகரம் வந்து கடியாரத் தொழில் நடத்தினார். பெரும் படிப்பாளி அல்லர். பிரபு குடும்பத்தினரும் அல்லர். அந்நாளில் வங்காளத்திற்கு வந்த ஐரோப்பியர், வேண்டிய பொருள் சேர்ந்தவுடன் கப்பலேறித் தம் தேசம் திரும்புதல் வழக்கம். ஹேரும் போதிய பொருள் ஈட்டினார், எனினும் திரும்பிற்றிலர். 1820-ஆம் ஆண்டளவில் தம் கடையைக் கிரே என்னும் நண்பரிடம் ஒப்புவித்துவிட்டு, அந்நகரத்துச் சிறுவரின் கல்வியையே தம் தொழிலாக மேற்கொண்டார். மணம் செய்துகொள்ளாதவராதலின், அப்பிள்ளைகளே அவர்க்குக் குடும்பமாயினர்.

கல்கத்தாவில் ஹிந்து கலாசாலை தோன்றிய வரலாற்றில் ராஜா ராம்மோகன ராயரின் பெயரும் ஹேரின் பெயரும் இணைந்தே பேசப்படும். ஆங்கிலக் கல்வியும் மேனாட்டு விஞ்ஞானமும் கற்பிக்கும் ஒரு சாலை வேண்டுமென்ற எண்ணத்தை ஹேர் பலரிடம் எடுத்துரைத்தார். அவ்வெண்ணம் பிரதம நீதிபதி ஸர் எட்வர்ட் ஹைட் ஈஸ்ட் அவர்களை எட்டியது. 1816-ஆம் ஆண்டு மே மாதம் அவர் இல்லத்தில் நகரப் பிரமுகர்கள் கூடினர். ராம்மோகன ராயரோடு சேர்ந்து பணி செய்ய வைதிகப் பிரமுகர் சிலர் இசையாமையால், காரியம் கெட்டுவிடலாகாதென்று அப்பெரியார் தாமே விலகிக்கொண்டார். 1817-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், இருபது மாணாக்கரோடு, வாடகை வீடொன்றிற் கலாசாலை தொடங்கப்பெற்றது. பின்னர் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப நேர்ந்தபோது நிலம் உதவியவர் ஹேரே.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அக்கலாசாலை மதிப்பும் வசதியும் வாய்ந்த ஹிந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டது. ஏழைப் பிள்ளை அதன் வாயிலை அணுகுதல் எங்ஙனம்? அதற்கு வழி கண்டது 1818-இல் நிறுவப்பட்ட கல்கத்தா பள்ளிக்கூடச் சபை. ராதாகாந்த தேவரும் ஹேரும் அச்சபையின் செயலாளராக உழைத்தனர். தெருப் பாடசாலைகளைப் பார்வையிடுவதும், புத்தகம் வழங்குவதும், பரீட்சை நடத்திப் பரிசளிப்பதும் சபையின் வேலைகள். அப்பாடசாலைகளிலும் சபையின் சொந்தப் பள்ளிகளிலும் தேர்ந்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, முப்பது பேர்வரை, சபையின் செலவிலேயே ஹிந்து கலாசாலைக்கு அனுப்பினர். நம் நாட்டின் நவீனக் கலாசாலைக் கல்வியில் உபகாரச் சம்பளம் என்னும் ஏற்பாட்டின் முதல் உருவங்களுள் இதனை ஒன்றெனக் கொள்ளலாம். கலாசாலைக்குப் பிற்காலத்திற் புகழ் தேடித் தந்த மாணாக்கருள் சிலர் இவ்வழியாக வந்தோரே. வறிய அந்தணக் குடும்பத்திற் பிறந்து, பின்னர்க் கிறித்துவராகிப் பெரும் பண்டிதராக விளங்கிய கிருஷ்ணமோகன் பானர்ஜி அவர்களை ஓர் உதாரணமாகக் கூறலாம்.

இடமோ சில, வேண்டுவோரோ பலர். ஹேரின் பல்லக்கு வீதியிற் செல்லும்போதெல்லாம் சிறுவர் கூட்டம் அதன் இருபுறமும் ஓடிவந்து, இலவசமாகப் பள்ளியிற் சேர்த்துக்கொள்ளும்படி இரக்குமாம். அவ்வாறு ஓடியவருள் ஒருவர், பின்னாளில் வங்காளத்தின் உத்தம ஆசிரியரெனப் போற்றப்பெற்ற ராம்தனு லாஹிரி. முதலில் இடமில்லையென்று ஹேர் மறுத்துவிட்டார். சிறுவனோ விடவில்லை, வாரக்கணக்கில் நாள்தோறும் பல்லக்கின் பின்னே ஓடினான். ஒரு நாள் மாலை அவன் முகவாட்டத்தைக் கண்ட ஹேர், உண்டாயிற்றா என்று வினவி, பட்டினியென்றறிந்து, மிட்டாய்க் கடையில் அவனுக்குத் தின்பண்டம் வாங்கித் தரச் செய்தார் என்பர். முடிவில் இடமும் கிடைத்தது. இவ்வரலாற்றைக் கேட்கும்போது, அச்சிறுவனை அத்தனை நாள் ஓடவைத்தது தகுமோ என்று நமக்குத் தோன்றாமலில்லை. விண்ணப்பங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொகை போதாமல் தவித்த கமிட்டியார் எவரும் ஹேரின் நிலையை உணர்வர்.

சேர்த்துவிட்டதோடு அவர் கடமை முடியவில்லை. காலையிற் புறப்பட்டு ஒவ்வொரு பள்ளியாகச் சென்று வருகைப் புத்தகத்தைப் பார்ப்பார். வாராத பிள்ளை யாரென்று குறித்துக்கொண்டு அவன் வீடு தேடிச் செல்வார். நோயென்றறிந்தால் பல்லக்கிலுள்ள மருந்தை எடுத்துத் தாமே கொடுப்பார். இரவில் நெடுநேரம் படுக்கையருகில் இருந்ததும் உண்டு. பள்ளி விடும் வேளையில் கையிற் துவாலையோடு வாயிலில் நின்று, அழுக்கான பிள்ளைகளின் முகத்தையும் உடலையும் துடைத்துவிடுவார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் வங்காளப் பிள்ளைகளைத் தொட்டுத் துடைப்பதைக் கண்டு அந்நாளில் இரு சமூகத்தாரும் எத்துணை வியந்திருப்பர்! 1831-ஆம் ஆண்டில் அவர் பிறந்தநாளன்று மாணாக்கர்கள் திரண்டு உபசாரப் பத்திரம் படித்தளித்து, தம் சந்தாவால் அவர் உருவப்படம் எழுதுவிக்க இசைவு பெற்றனர்.

பொருள் விஷயத்தில் ஹேர் பட்ட துன்பம் நம்போன்ற சங்கத்தார்க்குப் பெரிதும் பயன்படுவது. ஹிந்து கலாசாலையின் மூலதனம் பரெட்டோ என்னும் வாணிக நிலையத்தாரிடம் வைக்கப்பட்டிருந்தது. அந்நிலையம் வீழ்ந்தபோது அத்தனத்தின் பெரும்பகுதி போயிற்று. சர்க்காரிடம் உதவி வேண்டவே, சர்க்காரின் மேற்பார்வைக்கும் கலாசாலை உட்பட நேர்ந்தது. பள்ளிக்கூடச் சபைக்கு 1823 முதல் சர்க்கார் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தபோதிலும், 1830 முதல் 1834 வரை கல்கத்தாவின் பெரும் வாணிக நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்த காலத்தில் கனவான்களின் கொடை சுருங்கிற்று. பள்ளிகளை மூடிவிட மனமில்லாத ஹேர், குறைந்ததைத் தம் கைப்பொருளால் ஈடு செய்தார். தம் நிலங்களை விற்றார்; கடனும் பட்டார். நன்கொடையைத் திரட்டுவோர், அதனை எங்கே வைப்பது என்பதிலும் அத்துணைக் கருத்துடையராயிருந்தால், கடியாரம் விற்றுச் சேர்த்த ஒருவரது முதுமைப் பொருள் இங்ஙனம் கரைந்திராது என்பது எம் கருத்து.

1835-இல் கல்கத்தா மருத்துவக் கலாசாலை ஏற்பட்டது. பிணத்தைத் தொட்டு அறுத்துக் கற்பதற்கு உயர்குலப் பிள்ளைகள் அஞ்சிய காலம் அது. ஹேரிடம் அப்பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் கொண்டிருந்த நம்பிக்கை அங்கே பேருதவியாயிற்று. அவர் அக்கலாசாலையின் செயலாளராகவும் பணியாற்றினார். மொரீஷியஸ் முதலிய தீவுகளுக்கு ஏழைகளை ஏமாற்றிக் கூலிகளாகக் கப்பலேற்றிய கொடுமையை எதிர்த்தோருள்ளும் அவர் ஒருவர். அவர் வறுமையுற்றதை அறிந்த சர்க்கார், 1840-இல் சிறுவழக்கு நீதிமன்றமொன்றிற் கமிஷனர் பதவி அளித்தது. பதவி ஏற்றபின்னும் பள்ளிகளைப் பார்வையிடும் வழக்கத்தை அவர் விடவில்லை.

1842-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு ஹேருக்கு வாந்திபேதி கண்டது. கண்ட அளவிலேயே, சவப்பெட்டி செய்துவைக்கும்படி கிரேக்குச் சொல்லியனுப்பினார் என்பர். மருத்துவக் கலாசாலையிற் பயின்ற அவர் மாணாக்கர் பிரசன்னகுமார் மித்திரர் உடனிருந்து சிகிச்சை செய்தார். பயனில்லை. மறுநாள், ஜூன் 1-ஆம் நாள், உயிர் நீத்தார். அவருடைய சமயக் கொள்கை காரணமாகக் கிறித்துவ மயானத்தில் இடம் மறுக்கப்பட்டதென்று சொல்லுவர். ஹிந்து கலாசாலைக்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர். மழை பெய்துகொண்டிருந்தபோதிலும் சிறுவரும் முதியவருமாகப் பெருந்திரள் உடன் சென்றது.

ஹிந்து கலாசாலை 1855-இல் பிரஸிடென்ஸி கலாசாலையாகி எல்லாச் சமூகத்தார்க்கும் திறக்கப்பட்டது, 2010-இல் பல்கலைக்கழகமாயிற்று. அவர் பேணிய பள்ளி ஹேர் பள்ளி என்ற பெயரோடு அதனருகில் இன்றும் நடைபெறுகின்றது. அவர் மறைந்தபின் அவருடைய பழைய மாணாக்கர் ஆண்டுதோறும் ஜூன் முதல் நாளிற் கூடினர். வெறும் புகழுரையோடு கலைந்துவிடாமல் தமக்குள்ளே பணம் திரட்டி, ஹேர் பரிசு நிதி என்று பெயரிட்டு, வங்காள மொழியில் நல்ல நூல் எழுதுவோர்க்கு வழங்கலாயினர். அப்பட்டியலிற் கையொப்பமிட்டவருள், ஒரு காலத்தில் ஒரு காசும் இன்றி ஹேரின் தயவால் எழுத்தறிந்தவர்களும் இருந்தனர்.