வர்ஜீனியா ஹென்டர்சனின் செவிலியத் தத்துவம் உருவான வரலாறு

செவிலியக் கல்லூரி மாணவர்கள் ஹென்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மூச்சு விடுதல், உண்ணுதல், கழிவகற்றல் என்று தொடங்கும் அந்தப் பட்டியல் வழிபாடு, வேலை, பொழுதுபோக்கு, கற்றல் என்று முடியும். பட்டியலுக்குப் பின்னே ஒரு செவிலியர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் தொழிலோடு நடத்திய வாதம் இருக்கிறது. நோயாளிகளின் படுக்கையருகே எழுந்த மனக்குறைகளே அந்த வாதத்தைத் தொடங்கிவைத்தன, கோட்பாட்டு நூல்கள் பின்னரே துணைக்கு வந்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

1897-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பிறந்த ஹென்டர்சன், முதல் உலகப் போரின்போது வாஷிங்டனில் ராணுவச் செவிலியர் பள்ளியில் சேர்ந்தார். அக்காலப் பயிற்சி வேகத்தையும் கைத்திறனையும் பெரிதாக மதித்தது. பிசகின்றிக் கட்டுப் போட்டு, சுருக்கமின்றிப் படுக்கை விரித்தவர் நல்ல செவிலியர் எனப்பட்டார். பள்ளியின் தலைவர் ஆனி குட்ரிச் மாணவிகளின் பார்வையை இந்தச் சடங்குகளுக்கு மேலே உயர்த்த முயன்றார். அதை ஹென்டர்சன் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1921-இல் தேறிய பிறகு, நியூயார்க்கின் ஹென்றி தெரு அமைப்பில் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் பணி. அவரது சிந்தனை திரும்பியது இங்கேதான் என்று கருதுகிறேன். மருத்துவமனையில் எல்லாமே ஒழுங்காக நடக்கிறது. குணமானவர் திரும்பிப் போவதோ, அவரை நோயில் தள்ளிய அதே வாழ்க்கைக்கு. அங்கே அவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியானால் வார்டில் செய்த பணிவிடை எதற்காக?

1930-களில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது இந்தக் கேள்விக்கு அறிவியல் அடித்தளம் கிடைத்தது. உடலின் உட்சூழல் நிலையாக இருந்தாக வேண்டும் என்ற கிளாட் பெர்னாரின் கொள்கையைக் கேரலைன் ஸ்டாக்போலின் உடலியங்கியல் வகுப்பில் கற்றார். மனிதனின் அடிப்படைத் தேவைகள் பற்றி உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் செய்த ஆய்வு, மருத்துவமனை தங்க இடம் தந்துவிட்டு மற்றவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது என்பதை உணர்த்தியது. மறுவாழ்வு மருத்துவர் ஜார்ஜ் டீவரின் பணியைக் கண்டது எல்லாவற்றையும் விட முக்கியம். அங்கே சிகிச்சையின் ஒவ்வொரு படியும் நோயாளி தம் காலில் நிற்பதை நோக்கியே அமைந்திருந்தது.

பெர்த்தா ஹார்மர் எழுதிய செவிலியப் பாடநூலை 1939-இல் திருத்திய ஹென்டர்சன், 1955-இல் அதன் ஐந்தாம் பதிப்பில் தமது வரையறையை முன்வைத்தார். அமெரிக்கச் செவிலியர் சங்கமும் அதே ஆண்டில் ஒரு வரையறையை வெளியிட்டது. நோயறிதலும் மருந்து எழுதுதலும் செவிலியர் பணியில் சேரா என்று அது எல்லைக்கோடு போட்டது. ஹென்டர்சன் எல்லையைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை, நோயாளியிடமிருந்து தொடங்கினார். வலிமையும் விருப்பமும் அறிவும் இருந்தால் ஒருவர் தமக்குத் தாமே எதையெல்லாம் செய்துகொள்வாரோ அதைச் செய்ய உதவுவதும், அந்த உதவி கூடிய விரைவில் தேவைப்படாமல் போகும்படி செய்வதும் செவிலியரின் தனிப்பணி என்றார். குணமாக முடியாதவருக்கு அமைதியான மரணமும் அந்தப் பணிக்குள் அடங்கும்.

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தவருக்குச் சோறு ஊட்டிவிட ஐந்து நிமிடம் போதும். இடக்கையால் தாமே பிசைந்து உண்ணப் பழக்க அரை மணி நேரமாவது ஆகும், பாதி சிந்தும். ஹென்டர்சனின் தத்துவப்படி அந்த அரை மணி நேரமே செவிலியம். நம் அரசு மருத்துவமனைகளில் ஊட்டுவதும் துடைப்பதும் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினர்தாம். அதனால் இங்கே அந்த வரையறை பொருந்தாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எப்படித் திருப்பிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வராது என்பதை அந்த உறவினருக்குக் கற்றுத்தருவதும், வலிமை, விருப்பம், அறிவு ஆகிய மூன்றில் எது குறைகிறது என்று கண்டறிவதும் செவிலியரின் வேலையே. மூன்றில் விருப்பம் குறைந்தவரை அடையாளம் காண்பது மிகக் கடினம். சாப்பாட்டை ஒதுக்கிவைக்கும் முதியவருக்குப் பசியில்லை என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது.

1953-இல் யேல் பல்கலைக்கழகம் சென்ற ஹென்டர்சன், செவிலிய ஆய்வுகளைத் திரட்டும் பெரும்பணியில் இறங்கினார். ஆய்வுகளில் பெரும்பாலானவை செவிலியர்களைப் பற்றியனவாக இருந்தன. பராமரிப்பால் நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவை குறைவு. பன்னாட்டுச் செவிலியர் பேரவைக்காக 1960-இல் அவர் எழுதிய சிறுநூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அவரது கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

1966-இல் செவிலியத்தின் இயல்பு பற்றி வெளியிட்ட நூலில், தாம் அங்கீகரித்தவற்றோடு தாம் வெறுத்தவையும் சேர்ந்துதான் தம் தத்துவத்தை வடித்தன என்று எழுதினார். எல்லோரும் தம்மோடு உடன்பட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை; ஒவ்வொரு செவிலியரும் தமக்கென ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். அவரே அப்போதும் கற்றுக்கொண்டிருந்தார். நோயாளிக்கு வேண்டியது இன்னது என்று செவிலியர் தாமாக ஊகித்து, அதை அவரிடமே கேட்டு உறுதிசெய்யாமல் செயல்பட்டால் எவ்வளவு எளிதில் தவறிவிடலாம் என்பதைத் தமக்கு உணர்த்தியவர் என்று யேலில் பணியாற்றிய ஐடா ஆர்லாண்டோவை அவர் குறிப்பிட்டார். ஆர்லாண்டோ அவரைவிட ஏறத்தாழ முப்பது வயது இளையவர்.